அடுத்த கை

ஞாயிறு முதல் பூசை முடிந்த கையோடு சவேரியார்துறையின் பாதி ஊர் பிலோமியின் செல்போன் கடை வாசலில் வந்து நின்றது. கோயிலுக்கு உடுத்திய உடுப்பை யாரும் மாற்றவில்லை. ஆண்கள் சலவை வேட்டியில், பெண்கள் தோளில் சரிந்த முக்காட்டோடு. எல்லார் கையிலும் ஒரு போன்.

"பிலோமி, எனக்கு மொதல்ல போட்டு விடு. வீட்டுல ஒல வச்சிட்டு வந்திருக்கேன்."

"ஒலையா? கோயில் வாசல்ல நின்னு பொய் சொல்லாதீக மதினி. பந்தல்ல பிரியாணி போடுறாக, இன்னைக்கு எந்த வீட்டுலயும் அடுப்பு பத்தாதுன்னு எனக்குத் தெரியாதா? வரிசையில நில்லுங்க!"

வாசல் முழுக்கச் சிரிப்பு. பிலோமியும் சிரித்துக்கொண்டே அடுத்த போனை வாங்கினாள். அவளுக்கும் உள்ளுக்குள் பூ மத்தாப்பு எரிந்துகொண்டுதான் இருந்தது. இருக்காதா? பதினொரு மணிக்கு மகளிர் கால்பந்து ஆசியக் கோப்பையின் இறுதி ஆட்டம். இந்திய அணியின் கோல் காவலர் ஜெசிந்தா இந்த ஊர்ப் பிள்ளை. மணலில் ஏற்றிப் போட்ட இரண்டு மீன்பிடி வள்ளங்களுக்கு நடுவே நின்று பந்து பிடித்து வளர்ந்தவள்.

அதைவிடப் பெரிய அதிசயமும் இருந்தது. இந்த ஆட்டத்தைத்தான் முதன்முதலாகக் 'கண்வழி'யில் காட்டப் போகிறார்கள். ஆட்டக்காரியின் நெற்றிப்பட்டையில் கடுகளவு கேமரா. போனோடு இணைந்த கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டால், ஜெசிந்தா பார்ப்பதை நாமும் பார்க்கலாம். அவள் தலையைத் திருப்பினால் நமக்கும் மைதானம் திரும்பும். அவளை நோக்கி வரும் பந்து நம் மூக்குக்கு நேரே வரும்.

ஆனால் கண்வழிக்கு அசுர வேகம் வேண்டும். சவேரியார்துறை போன்களில் அது கிடையாது. அதற்குக் காரணம் கைமாற்று.

பெரும்புயல் ஒன்று கடற்கரை டவர்களை எல்லாம் சாய்த்துப் போட்ட பிறகு, கம்பெனிக்காரர்கள் அவற்றைத் திரும்ப நிறுத்தவில்லை. ஒவ்வொரு போனுக்குள்ளும் ஒரு குட்டி டவரை வைத்துவிட்டார்கள். ஒருவர் அனுப்பும் செய்தியைப் பக்கத்தில் இருப்பவர் போன் வாங்கி, அதற்கடுத்த போனிடம் கொடுக்கும். அப்படிக் கை மாறிக் கை மாறி அது நகரத்துப் பெரிய டவருக்குப் போய்ச் சேரும். நம் சட்டைப்பையில் சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் போன், முகம் தெரியாத ஒருவரின் கல்யாணச் செய்தியையும் இன்னொருவரின் கண்ணீரையும் சுமந்துகொண்டிருக்கும். அழகான ஏற்பாடுதான். ஆனால் போனின் பாதி வலு அடுத்தவருக்கே போய்விடும்.

பிலோமி அந்தப் பாதியைத்தான் மீட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக மண்டையைக் குடைந்து கண்டுபிடித்த வழி. காசு வாங்கவில்லை. ஊரே சேர்ந்து ஊர்ப் பிள்ளையின் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஜெசிந்தாவின் அம்மா மரிய புஷ்பம் வந்து போனை நீட்டினாள்.

"இதுல என்ன செய்யுத பிலோமி?"

"ரெண்டே வேலை அத்தை. கைமாத்தை நிறுத்துறேன். அப்புறம் அப்டேட் வர்ற கதவுக்குத் தாழ்ப்பாள் போடுறேன்."

"அதுக்கு எதுக்குத் தாழ்ப்பாளு?"

"தெனமும் கம்பெனியிலேருந்து அப்டேட் வருதுல்லா? அது வந்து, 'யாரு இதைக் கலைச்சுப் போட்டது'ன்னு எல்லாத்தையும் பழையபடி அடுக்கி வச்சிட்டுப் போயிரும். நம்ம வீட்டுல மாமியா வந்து பாத்திரத்தை மாத்தி வைக்கிற மாதிரி."

பின்னால் நின்ற ஒரு மாமியார், "ஏ, பாத்துப் பேசு" என்றாள். மறுபடி சிரிப்பு.

மரிய புஷ்பம் சிரிக்கவில்லை. "கைமாத்த நிறுத்துனா பாவமில்லையா மக்ளே? யாருக்காச்சும் ஒரு அவசரம்னா?"

"நானும் அதைத்தான் யோசிச்சேன் அத்தை. வேற நாளுன்னா தொடவே மாட்டேன். இன்னைக்கு ஞாயித்துக்கெழமை. நம்ம கைமாத்து யாருக்கு? கடல்ல நிக்கிறவுகளுக்குத்தான. விடிஞ்சதும் நானே கரைக்குப் போய்ப் பாத்தேன். அத்தன வள்ளமும் மணல்ல ஏறிக் கெடக்கு. சாயங்காலம் செபமாலை முடிஞ்சதும் எல்லாரும் கொண்டாங்க, பழையபடி ஆக்கித் தந்துருதேன்."

மரிய புஷ்பத்தின் முகம் தெளிந்தது. ஞாயிற்றுக்கிழமை கடல் சும்மா கிடக்கும். அது சவேரியார்துறையில் பிறந்த எவருக்கும் கிழக்கு மேற்கு மாதிரி. அப்பன் பாட்டன் காலத்திலிருந்து அன்றைக்கு வலையைத் தொட்டவர் கிடையாது.

*

கோயில் மைதானத்துப் பந்தலில் அன்று கண்ட காட்சியைச் சொல்லி முடியாது. ஊர் முழுக்கக் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, எதிரே இல்லாத பந்துக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தது. எதிரணிக்காரி ஓங்கி உதைத்தால் நூறு பேர் சேர்ந்தாற்போல் இடப்பக்கம் சாய்ந்தார்கள். பங்குச் சாமியார் அமலதாஸ் ஒரு தாவலில் நாற்காலியோடு கவிழ்ந்து, விழுந்த இடத்திலிருந்தே, "பிடிச்சாச்சு! பிடிச்சாச்சு!" என்று கத்தினார். பிலோமியின் கணவன் ரெஜிஸ் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்து முத்தமிட்டான். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தால், அது அவன் பேச்சுவார்த்தை வைத்துக்கொள்ளாத பங்காளி.

இரண்டாம் பாதி ஆட்டத்தில் எல்லாக் கண்ணாடியிலும் ஒரு சிவப்புப் பட்டை வந்து நின்றது. 'திடீர்ச் சூறைக்காற்று எச்சரிக்கை. கடலில் இருப்போர் உடனே கரை திரும்பவும்.'

"நம்மாளு எவன் கடல்ல இருக்கான்? தள்ளு தள்ளு, பந்து மறைக்கி!" என்றது ஒரு குரல். எல்லாரும் அதை விரலால் ஒதுக்கிவிட்டார்கள். பிலோமியும் ஒதுக்கினாள்.

ஆட்டம் சமனில் முடிந்தது. கூடுதல் நேரமும் தொடங்கிவிட்டது. கண்ணாடியின் சார்ஜ் இறங்கிவிட்டதால், கடையில் இருந்த வேறொன்றை எடுத்துவர பிலோமி ஓடினாள். கதவைத் திறக்கும்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது.

இறங்கியவள் ஆமினா. அடுத்த ஊரான மீரான்பட்டினத்துக்குப் போன வருடம் கல்யாணமாகி வந்த பெண். ஒருமுறை போனுக்கு டெம்பர் கிளாஸ் ஒட்ட வந்து, ஒட்டும் வரை, எங்க ஊரில் அக்கான்னா லாத்தா, அண்ணன்னா காக்கா என்று ஓயாமல் பேசிவிட்டுப் போனவள். இன்று அவள் பேச்சைக் காணோம். தோளில் ஒரு மஞ்சள் துணிப்பை கனத்துத் தொங்கியது.

"லாத்தா, நல்லவேளை கடை தொறந்திருக்கு. இதையெல்லாம் கொஞ்சம் பாத்துத் தாங்க." பையை மேசையில் கவிழ்த்தாள். போன்கள். பழசும் புதுசுமாக ஒரு குவியல்.

"என்னம்மா இது?"

"எங்க தெரு போன் எல்லாம். காலையிலேருந்து ஒண்ணுகூடப் பேசல. எல்லாம் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சு. நான் ஸ்கூட்டர் ஓட்டுவேன்ல, அதான் தெருவே எங்கிட்ட குடுத்து விட்டுச்சு."

பிலோமி ஒரு போனை எடுத்துத் திறந்தாள். ஒரு கோளாறும் இல்லை. இன்னொன்று. அதிலும் இல்லை. மூன்றாவது போனில் அனுப்பப்படாத செய்திகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கீழும் ஒரே வரி: 'அடுத்த கைக்காகக் காத்திருக்கிறது.'

அவள் விரல் அப்படியே நின்றது.

சவேரியார்துறை கடலுக்குள் நீட்டிய முனையில், நகரத்துப் பெரிய டவரின் நேர்ப் பார்வையில் இருக்கிறது. மீரான்பட்டினம் அதன் முதுகுக்குப் பின்னால், வளைகுடாவின் மடியில். ஒரு பக்கம் தேரிக்காட்டு மணல் மலை. அந்த ஊர்ச் செய்தி நகரத்துக்குப் போனாலும், கடலுக்குப் போனாலும், சவேரியார்துறை போன்களின் கையில் ஏறித்தான் போக வேண்டும். அவர்களுக்கு வேறு வழி இருக்கும் என்று பிலோமி நினைத்திருந்தாள். இல்லை, அவர்களைப் பற்றி நினைக்கவே இல்லை என்பதுதான் உண்மை.

"ஆமினா, உங்க ஊரு வள்ளம் எல்லாம்..."

"ஆறு வள்ளம் கடல்ல நிக்கிது லாத்தா. எங்க வூட்டுக்காரவுகளும் மாமாவும் ஒண்ணுல போயிருக்காக. மதியச் சாப்பாட்டுக்கு வந்துருவோம்னு சேதி சொல்வாக. இன்னைக்குச் சேதியே இல்ல."

"இன்னைக்கு ஞாயித்துக்கெழமை..." பிலோமியின் வாயிலிருந்து தானாக வந்தது.

ஆமினா ஒன்றும் புரியாமல் பார்த்தாள். "ஆமா. எங்களுக்கு லீவு வெள்ளிக்கெழமையில்ல?"

விடியற்காலையில் தான் மணலைத்தான் பார்த்தோம், கடலைப் பார்க்கவில்லை என்பது பிலோமிக்கு அப்போது உறைத்தது. சிவப்புப் பட்டை நினைவுக்கு வந்தது. சூறைக்காற்று. அந்த எச்சரிக்கையை ஊர் முழுக்க விரலால் ஒதுக்கினார்களே, அது போய்ச் சேர வேண்டிய ஆறு வள்ளத்துக்கும் போய்ச் சேரவில்லை.

"ஆமினா, போன் ஒண்ணுமே கெடல. நான்தான் கெடுத்தேன். வா என்கூட."

*

பந்தலுக்குள் அவர்கள் நுழைந்தபோது கூடுதல் நேரமும் சமனில் முடிந்திருந்தது. இனி பெனால்டி. ஜெசிந்தா ஒருத்தி, எதிரே பந்து, நடுவே யாருமில்லை. உலகத்திலேயே சத்தமில்லாத இடம் அந்த நேரத்தில் அந்தப் பந்தலாகத்தான் இருந்திருக்கும். எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

பிலோமி மேடை ஏறி மைக்கைப் பிடித்தாள்.

"எல்லாரும் கண்ணாடியக் கழத்துங்க. தயவுசெஞ்சு."

"ஏலா, பைத்தியமா ஒனக்கு?"

"பெனால்டி பிலோமி! பெனால்டி!"

"மீரான்பட்டினத்து வள்ளம் ஆறு கடல்ல நிக்கிது. காத்து வருதுன்னு அவுகளுக்குத் தெரியாது. நம்ம போன் கைமாத்தாததால சேதி போகல. நான்தான் நிறுத்தினேன். கடல்ல யாருமில்லன்னு நெனச்சேன். என் தப்பு."

கண்ணாடிகள் ஒவ்வொன்றாக நெற்றிக்கு ஏறின. ரெஜிஸ் முன்னால் வந்தான். "நான் வள்ளத்தை எறக்கிப் போய்ச் சொல்லிட்டு வரட்டா?"

"எந்தத் தெசையில போவீக? ஆறு வள்ளம் ஆறு பக்கம் நிக்கும்."

பங்குச் சாமியார் அதற்குள் கடற்காவல் நிலையத்துக்குப் பேசிவிட்டார். அவர்கள் படகு வந்துசேர ஒரு மணி நேரம் ஆகுமாம். "போனுல சேதி போக என்ன செய்யணும் பிலோமி? ஒரு போனைச் சரிபண்ணா பத்தாதா?"

"பத்தாது சாமி. ஒருத்தர் கரையில நின்னு கூப்பிட்டா நடுக்கடலுக்குக் கேக்குமா? ஊரே சேந்து ஒரே குரல்ல கூப்பிட்டாக் கேக்கும். போனும் அப்படித்தான். எல்லாம் சேந்தாத்தான் அந்தத் தூரம் எட்டும். தாழ்ப்பாளைத் திறந்து அப்டேட்டை உள்ள விடணும். அது ஏறி முடியிற வரைக்கும் போன் இருட்டாத்தான் இருக்கும். கால் மணி நேரம் ஆகலாம்."

"அப்போ ஆட்டமே போச்சே!" என்றார் ஒருவர், அழாக்குறையாக.

"அஞ்சே நிமிசம். பெனால்டி முடியட்டும்."

"அவுக கடல்காரவுகதான? மானத்தைப் பாத்துத் திரும்பிர மாட்டாகளா?"

"இந்தக் காத்து மானத்துல தெரியாது வே" என்றான் ரெஜிஸ். "தண்ணியில எறங்குன பொறவுதான் தெரியும். போன வருசம் நான் பட்டிருக்கேன்."

ஆனாலும் யாரும் போனை நீட்டவில்லை. நல்ல மனிதர்கள்தான். நல்லது செய்வதற்கு முன்னால் மனசு ஒரு கணம் தயங்கி நிற்குமே, அந்தக் கணத்தில் நின்றார்கள்.

மரிய புஷ்பம் ஆமினாவின் பக்கத்தில் வந்தாள். கண்ணாடி இன்னும் அவள் நெற்றியில் இருந்தது.

"ஒம் மாப்பிள்ள பேரென்ன தாயி?"

"செய்யது."

"சாப்பிட்டுப் போனாரா?"

"நீராகாரம் குடிச்சிட்டுப் போனாக." அதுவரை அழாத பெண், அந்தக் கேள்விக்கு உடைந்துபோனாள்.

மரிய புஷ்பம் கண்ணாடியைக் கழற்றி மடக்கி இடுப்பில் செருகினாள். பிறகு போனைப் பிலோமியிடம் நீட்டினாள். "நான் பாக்குறதாலயா எம்புள்ள பந்தைப் பிடிக்கப் போறா? அது அவ கையில இருக்கு. இது நம்ம கையில இருக்கு. இந்தா, எப்படித் தொறக்கணும்னு சொல்லு."

அவ்வளவுதான். ஒருவர் தொடங்கினால் போதும், மனிதர்கள் அப்படித்தான் படைக்கப்பட்டிருக்கிறார்கள்.

"ஒரே ஒரு போனை மட்டும் விட்டு வைப்போமா?" என்றது ஒரு குரல்.

"யாரு போனை?"

குரல் கொடுத்தவர் தன் போனையே பார்த்தார். பிறகு, "சரி, சரி, வேண்டாம்" என்றார்.

பிலோமி மைக்கில் ஒவ்வொரு படியாகச் சொன்னாள். "அமைப்புக்குப் போங்க." "போயாச்சு!" "அடியில பூட்டுப் படம் இருக்கும்." "இருக்கு!" "அதை அமுக்கிப் பிடிங்க." "பிடிச்சாச்சு!" மன்றாட்டு மாலைக்குப் பதில் சொல்லிப் பழகிய ஊர். ஒரே ராகத்தில் பதில் வந்தது. "இப்ப முனைக்கு நடங்க. கையில தூக்கிப் பிடிச்சிட்டே நடங்க!"

*

ஊர் முனைக்கு ஓடியது. பட்டுச் சேலையும் சலவை வேட்டியுமாக மணலில் ஓடியது. முன்னால் ஆமினா. அவள் பையில் இருந்த போன்களில் பிலோமியின் கை படவில்லை, அதனால் அந்தக் கூட்டத்தில் நல்ல நிலையில் இருந்தவை அவை மட்டும்தான். ரெஜிஸ் அவற்றை வாங்கி, தோணித் துடுப்பில் பையோடு கட்டி, உயரத் தூக்கிப் பிடித்தான்.

பிலோமியின் கையில் இருந்த ஆமினாவின் போனில் ஓர் எண் தெரிந்தது. 'சேர்ந்த கைகள்': கைமாற்றில் இணைந்த போன்களின் கணக்கு. பையில் இருந்தவை மட்டும். அது போதவில்லை. கடல் வெயிலில் தகடு போலக் கிடந்தது. தூரத்தில் ஒரு கோடு மட்டும் கறுத்திருந்தது.

"ஏறுது, ஏறுது!" யாரோ தன் இருண்ட திரையில் நகரும் கோட்டைப் பார்த்துக் கத்தினார்கள். "எனக்குப் பாதி!" "எனக்கு முக்கால்!" சற்று முன் கோலுக்குக் கத்திய அதே வாய்கள், அதே ஆவேசம்.

ரெஜிஸின் போன் முதலில் விழித்தது. திரையில் ஒரு பெரிய பச்சைப் பொத்தான். 'சரி'. யாராக இருந்தாலும் அப்டேட் முடிந்ததும் வரும் பச்சைப் பொத்தானை வாசித்துவிட்டா அமுக்குவார்கள்? ரெஜிஸும் பாராமல் அமுக்கினான். பிலோமி எட்டிப் பார்த்தாள். சேர்ந்த கைகளின் எண் கூடவில்லை.

அவன் போனைப் பிடுங்கி, ஒரு படி பின்னால் போய், வாசித்தாள்.

'புதிய வசதி! இனி உங்கள் போன் உங்களுக்காக மட்டும் உழைக்கும். பிறர் செய்திகளைச் சுமக்காது. பத்து மடங்கு வேகம்.' கீழே அந்தப் பச்சைச் 'சரி'. அதற்கும் கீழே, கண்ணை இடுக்கினால் தெரியும் சாம்பல் எழுத்தில், 'வேண்டாம்'.

அவள் ஒரு வாரம் மண்டையைக் குடைந்து திருட்டுத்தனமாகச் செய்ததை, கம்பெனியே இன்று வெளிச்சத்தில் வைத்துப் பரிமாறியிருந்தது.

"யாரும் 'சரி' அமுக்காதீங்க!" பிலோமி தொண்டை கிழியக் கத்தினாள். "அடியில சின்னதா 'வேண்டாம்'னு இருக்கும்! அதை அமுக்குங்க! 'வேண்டாம்'!"

"வேண்டாம்! வேண்டாம்!" என்று கரை நெடுகக் குரல் ஓடியது. வாசிக்கிற கண்ணாடி கொண்டுவராத பெரியவர்கள் பக்கத்திலிருந்தவர்களிடம் நீட்டினார்கள். "எங்க மக்ளே இருக்கு அது?" "இந்தா இங்க, தாத்தா." முத்தம் வாங்கிய பங்காளி, பிலோமியின் கையிலிருந்து ரெஜிஸின் போனை வாங்கி, அமைப்பில் தேடி, தவறாக அமுக்கியதை மாற்றிக் கொடுத்தார். அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பேச நேரமில்லை.

எண் ஏறத் தொடங்கியது. மெதுவாக, பிறகு வேகமாக, பிறகு கண் தொடர முடியாத வேகத்தில். கரை முழுக்கத் தூக்கிய கைகள். எல்லாப் போனும் சேர்ந்து ஒரே பெரிய போனாகிக் கடலைப் பார்த்து நின்றது.

ஆமினாவின் போனில், காத்திருக்கிறது என்ற வரி மறைந்தது. காற்று வருகிறது என்று ஓடும்போதே அவள் செய்யதுக்கு அனுப்பிய செய்திக்குப் பக்கத்தில் ஒரு கோடு. பிறகு இரண்டாவது கோடு. போய்ச் சேர்ந்துவிட்டது.

எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

போன் அலறியது. ஆமினா அதை வாங்கி ஒலிபெருக்கியைப் போட்டாள். இன்ஜின் சத்தத்துக்கு நடுவே ஓர் ஆண் குரல்: "காத்து சேதி இப்பத்தான் வந்துச்சு புள்ள. ஆறு வள்ளமும் திரும்பியாச்சு. வலையை அறுத்துட்டு வர்றோம். பயப்படாத. காலையிலேருந்து நெட்டே இல்ல, மேட்ச் என்னாச்சு? அந்தப் புள்ள ஜெசிந்தா ஜெயிச்சிச்சா?"

கரையே ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. ஒருவருக்கும் தெரியாது.

பிறகு எழுந்த சிரிப்பும் அழுகையும் எங்கே பிரிகின்றன என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. பங்குச் சாமியார் வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்தார். மரிய புஷ்பம் ஆமினாவின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

காற்று வந்தபோது வள்ளங்கள் முனையைத் தாண்டி வளைகுடாவுக்குள் ஒதுங்கியிருந்தன. மணல் முகத்தில் அறைய அறைய, மக்கள் எண்ணினார்கள். ஆறு. இன்னொரு முறை எண்ணினார்கள். ஆறுதான்.

அந்தக் காற்றின் நடுவே மரிய புஷ்பத்தின் இடுப்பில் போன் அடித்தது.

"அம்மா! பாத்தியா? கடைசிப் பந்து பாத்தியா?" ஜெசிந்தாவின் குரல் விட்டுவிட்டு வந்தது.

"பாக்கலையே மக்ளே."

"என்னம்மா சொல்லுத! கண்வழியில பாப்பேன்னு சொன்ன? ஊர்ல யாருமேவா பாக்கல?"

"யாருமே பாக்கல. எல்லாரும் முனையில நிக்கிறோம். அது பெரிய கதை. நீ சொல்லு, என்னாச்சு? மெதுவாச் சொல்லு, ஒவ்வொண்ணாச் சொல்லு."

ஜெசிந்தா சொன்னாள். முதல் பந்து எப்படி வந்தது, இரண்டாவதை எப்படி விட்டாள், கடைசிப் பந்தில் கை எட்டாமல் எப்படி இடது காலை நீட்டினாள், காலில் பட்ட பந்து எப்படிக் கம்பத்தில் மோதி வெளியே போனது. அவள் மூச்சிரைக்கச் சொல்லச் சொல்ல, கரை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. கோப்பை நமக்குத்தான் என்று அவள் சொன்ன நொடியில் எழுந்த கூச்சல், காற்றை எதிர்த்துக்கொண்டு வளைகுடா வரை போயிருக்கும். வள்ளங்களிலிருந்து பதிலுக்கு ஹாரன் அடித்தார்கள்.

*

காற்று அடங்கியதும் ஆமினா ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். துடுப்பிலிருந்து இறக்கிய மஞ்சள் பை அவள் மடியில் இருந்தது. திடீரென்று உள்ளிருந்து ஒரு வெளிச்சம். பிறகு இன்னொன்று. பைக்குள் போன்கள் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டிருந்தன.

"லாத்தா, இங்க பாருங்க. இதுலயும் அந்தக் கேள்வி வருது."

பிலோமி பார்த்தாள். அப்டேட்டும் கைமாற்றில்தான் பயணம் போகிறது. சவேரியார்துறைக்காரர்கள் கதவைத் திறந்ததும், அது அவர்கள் கை வழியாகவே நகர்ந்து மீரான்பட்டினத்துக்கும், அங்கிருந்து அதற்கப்பால் உள்ள ஊர்களுக்கும் போய்க்கொண்டிருந்தது. இப்போது எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேர் கையில் அந்தப் பச்சைப் பொத்தான். அவர்கள் எதிரே எந்த ஆமினாவும் வந்து நிற்கவில்லை.

ஆமினா கூர்மையான பெண். உடனே பையைத் திறந்தாள். "நானே எல்லாத்துலயும் 'வேண்டாம்' அமுக்கிடவா? யாருக்கும் தெரியவா போகுது?"

பிலோமிக்கு ஆமாம் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. எவ்வளவு சுலபம். நல்ல காரியம்தானே.

"வேண்டாம் ஆமினா. நல்லதுன்னு நெனச்சு, எல்லாருக்காகவும் நானே ஒண்ணைத் தீர்மானிச்சேன் பாரு, அதுதான் இன்னைக்கு இவ்வளவும். இது அவுக போன். அவுகளே அமுக்கட்டும். ஆனா வாசிச்சிட்டு அமுக்கட்டும்."

"ஊரு முழுக்கவா? வீடு வீடாவா?"

"வீடு வீடாத்தான்."

பிலோமி ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொண்டு பையை மடியில் வாங்கினாள். ரெஜிஸ் தன் பைக்கை எடுத்தான். பங்காளி ஒரு வார்த்தை கேட்காமல் அவன் பின்னால் ஏறினார். பங்குச் சாமியார் தேரிக்காட்டுப் பக்கம் நான் போகிறேன் என்று தன் பழைய வண்டியை உதைத்தார். மரிய புஷ்பம் யாரோ ஒருவர் வண்டியில் ஏறி, எந்த ஊர் என்று கேட்காமலே, "போ வே, போ" என்றாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தில் சவேரியார்துறையிலிருந்து திருவிழாப் போலப் புறப்பட்ட வண்டிகள், கடற்கரைச் சாலையில் ஒவ்வொரு ஊராகப் பிரிந்து போயின.

மீரான்பட்டினத்தின் முதல் வீட்டில் ஒரு பெரியவர் வாசலில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆமினா பையில் தேடி அவர் போனை எடுத்துக் கொடுத்தாள்.

"சரியாயிருச்சா புள்ள? அல்ஹம்துலில்லாஹ்." அவர் வாங்கிக்கொண்டார். திரை ஒளிர்ந்தது. பச்சைப் பொத்தானைக் கண்டதும், எல்லாரையும் போல, அவர் கட்டைவிரல் தானாக எழுந்தது.

பிலோமி ஸ்கூட்டரிலிருந்து குதித்து இறங்கினாள்.

"காக்கா, ஒரு நிமிசம்."

கட்டைவிரல் அந்தரத்தில் நின்றது.